1,850 எம்.பி, 14 பேர்

வில்லியனூரில் எனக்குத் தெரிந்தவர் ஒருவரின் பிரவுசிங் சென்டர். கணினி 6, ஸ்கேனர் 1, பிரின்டர் 2, லேமினேஷன் மெஷின் 1. பிளஸ் டூ ரிசல்ட் வந்து, புதுச்சேரியில் கல்லூரிச் சேர்க்கைக்கான சென்டாக் விண்ணப்பம் திறந்துவிட்டால் ஷட்டரைத் தூக்கும் முன்பே வாசலில் ஆள் நிற்கும். கீழூர், மங்கலம், திருக்காஞ்சி, சேதராப்பட்டு என்று சுற்றுவட்டாரத்திலிருந்து பிள்ளைகள் வருவார்கள். கூடவே அப்பாவோ அம்மாவோ. கையில் பிளாஸ்டிக் கவர். அதற்குள் மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், குடியிருப்புச் சான்றிதழ். அந்தக் கவரை அவர்கள் மடியில் வைத்துப் பிடித்திருக்கும் விதத்தைப் பார்த்தாலே தெரியும், இந்தக் கணினிகள் நின்றுபோனால் யாருக்கு இழப்பு என்று.

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்பது குறைந்தது 4 ஜி.பி நினைவகம், 64 ஜி.பி சேமிப்பிடம், டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லு, இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைச் செயலி. சென்டரின் ஆறு கணினிகளில் நான்கு 4 ஜி.பி டெஸ்க்டாப், இரண்டு 2 ஜி.பி லேப்டாப். ஆறுமே தேறவில்லை. லினக்ஸ் போடுவது என்று முடிவானது. போட்டுக்கொடுக்கும் வேலை என்னிடம் வந்தது.

லினக்ஸ் என்று சொன்னவுடன் அடுத்த கேள்வி: திரையில் எதைப் போடுவது? க்னோம், கேடிஇ பிளாஸ்மா, எக்ஸ்எஃப்சிஇ போன்றவை முழு டெஸ்க்டாப் சூழல்கள். மெனு, கோப்பு மேலாளர், வைஃபை ஐகான், பிரின்டர் அமைப்பு, பென்டிரைவ் செருகினால் தானாகத் திறக்கும் பெட்டி எல்லாம் ஒரே மூட்டையாக வரும். ஐ3, டிடபிள்யூஎம், ஸ்வே போன்றவை டைலிங் விண்டோ மேனேஜர்கள். இவற்றில் ஒரு சாளரம் இன்னொன்றின் மேல் ஏறி உட்காராது. வயலில் பாத்தி பிடிப்பதுபோலத் திரையை வகுத்து, திறக்கிற ஒவ்வொன்றுக்கும் ஒரு பாத்தி தரும். வரப்பை நகர்த்துவது, பாத்தி மாறுவது எல்லாம் விசைப்பலகையில். மவுஸைத் தொடாமலே நாள் முழுக்க வேலை பார்க்கலாம்.

நான் ஆண்டுக்கணக்கில் ஐ3 பயன்படுத்துகிறேன். என் கை அதற்குப் பழகிவிட்டது. அதை விட்டு வேறொன்றில் உட்கார்ந்தால் அரைமணி நேரத்தில் எரிச்சல் வரும். அதனால் சென்டருக்கும் அதையே போடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் இது என் கணினி இல்லை. ஆகவே ஒரு நாற்பது பக்க நோட்டில் பற்று வரவு எழுத ஆரம்பித்தேன்.

முதல் பக்கம் நினைவகம். 2 ஜி.பி லேப்டாப்பில் ஒரு பகுதியைக் காட்சிச் சில்லு எடுத்துக்கொள்ளும். மீதி நமக்குக் கிடைப்பது ஏறக்குறைய 1,850 எம்.பி. அந்த ஒரே லேப்டாப்பில் டெபியன் 12 என்ற லினக்ஸ் வகையை மூன்று விதமாகப் போட்டு, எதையும் திறக்காமல் விட்டு அளந்தேன். க்னோம் சுமார் 1,100 எம்.பி. எக்ஸ்எஃப்சிஇ சுமார் 550. ஐ3 சுமார் 300. வேறு கணினியில் அளந்தால் எண்கள் முன்னே பின்னே இருக்கும், வரிசை மாறாது. டெபியன் 12இன் நிறுவல் கையேடும் இதே திசையில்தான் பேசுகிறது: டெஸ்க்டாப் இல்லாமல் குறைந்தது 256 எம்.பி, டெஸ்க்டாப்புடன் குறைந்தது 1 ஜி.பி, வசதியாக இருக்க 2 ஜி.பி. உபுண்டு 24.04 டெஸ்க்டாப்புக்குப் பரிந்துரை 4 ஜி.பி. லினக்ஸ் மின்ட்டுக்கு 2 ஜி.பி குறைந்தபட்சம், 4 இருந்தால் சௌகரியம்.

ஃபயர்ஃபாக்ஸில் ஒரு விண்ணப்பப் பக்கமும், பக்கத்தில் ஒரு பிடிஎஃப்பும் திறந்தால் சுமார் 800 எம்.பி. இப்போது கழித்துப் பார்ப்போம். க்னோமில் மிச்சம் 750. அதில் 800 போகாது. போகாத 50 எம்.பி வன்தட்டுக்கு வழிந்து, கணினி மூச்சு வாங்கும். எக்ஸ்எஃப்சிஇயில் 1,300 இருக்கிறது. 800 போக 500 மிச்சம். ஐ3இல் 1,550, 800 போக 750 மிச்சம்.

இந்த மூன்று வரிகளை எழுதியபோது நான் கவனிக்காத ஒன்று, மறுநாள் காலையில்தான் கண்ணில் பட்டது. க்னோமிலிருந்து ஐ3க்கு வந்தால் மொத்தச் சேமிப்பு 800 எம்.பி. அதில் க்னோமிலிருந்து எக்ஸ்எஃப்சிஇக்கு வரும் முதல் படியிலேயே 550 கிடைத்துவிடுகிறது, அதாவது நூற்றுக்கு 69. எக்ஸ்எஃப்சிஇயிலிருந்து ஐ3க்கு இறங்கும் இரண்டாம் படி தருவது 250. முதல் படியில் யாரும் புதிதாக எதையும் கற்கவேண்டாம். கீழே பட்டை, மூலையில் மெனு, சாளரத்தின் ஓரத்தில் மூடும் பொத்தான் எல்லாம் விண்டோஸில் பழகிய இடத்திலேயே இருக்கும். கற்கவேண்டிய பாரம் முழுவதும் இரண்டாம் படியில் இருக்கிறது. ‘டைலிங்கா, டெஸ்க்டாப்பா’ என்று இரண்டாகப் பிரித்துக் கேட்கிறவர்கள் நடுவில் இருக்கும் இந்தப் படியைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று. அதே 800 எம்.பி 2 ஜி.பி கணினியில் நூற்றுக்கு 43. 4 ஜி.பியில் ஐந்தில் ஒரு பங்கு. 8 ஜி.பியில் பத்தில் ஒரு பங்கு. நினைவகம் ஏற ஏற இந்தச் சண்டைக்கே அர்த்தம் குறைகிறது. டிடிஆர்3 வகை 4 ஜி.பி நினைவகப் பட்டி ஒன்றை, பழையதுதான், நான் 600 ரூபாய்க்கு வாங்கினேன்.

மின்சாரத்தை இரண்டு வரியில் முடித்துவிடலாம். இலகுவான சூழல் ஒரு வாட் மிச்சப்படுத்தும் என்றே வைத்துக்கொள்வோம். நாளுக்கு 8 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள்: 2.4 யூனிட். யூனிட் 5 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 12 ரூபாய். அதே நேரம், 60 வாட் இழுக்கும் பழைய டெஸ்க்டாப்புக்குப் பதில் 15 வாட் லேப்டாப் வைத்தால் 108 யூனிட், 540 ரூபாய். கரன்ட் பில்லைக் காட்டி யாரும் ஐ3க்கு வாதாட வேண்டாம்.

டேட்டா கணக்கு அப்படியில்லை, இங்கே அது உறைக்கும். உபுண்டு 24.04 ஐஎஸ்ஓ கோப்பு ஏறக்குறைய 6 ஜி.பி. நாளுக்கு ஒன்றரை ஜி.பி பேக் போட்டிருக்கும் பிள்ளைக்கு அது நான்கு நாள் சோறு. எக்ஸ்எஃப்சிஇ வைத்த லினக்ஸ் மின்ட் அதில் பாதி. டெபியனின் சிறிய நிறுவல் கோப்பு ஏறக்குறைய முக்கால் ஜி.பி, அதன்மேல் ஐ3 மட்டும் இறக்கினால் ஒரு நாள் பேக்கிலேயே வேலை முடிந்துவிடும். ஆனால் ஒரு பென்டிரைவில் ஒருமுறை இறக்கிவிட்டால் அது பத்து வீட்டுக்குப் போகும். விழுப்புரத்தில் விஜிலக் என்ற குனு/லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. புதுச்சேரியில் கட்டற்ற மென்பொருள் வன்பொருள் இயக்கம் இருக்கிறது. வில்லியனூர் இரண்டுக்கும் நடுவில், ரயில் பாதையில் இருக்கும் ஊர். கோப்பைக் கையோடு வாங்கி வர டேட்டா எதற்கு?

அடுத்த பக்கம் திரை. இந்த ஊர்ப் பழைய லேப்டாப்புகளில் பாதிக்கு மேல் 1366 × 768 திரைதான். மொத்தப் புள்ளிகள் 10,49,088. க்னோமின் மேல்பட்டையும் லிப்ரே ஆபீஸின் தலைப்புப் பட்டையும் சேர்ந்து உயரத்தில் சுமார் 70 புள்ளி எடுத்துக்கொள்ளும். ஐ3இல் தலைப்புப் பட்டையை நீக்கிவிட்டால் கீழே சுமார் 20 புள்ளிப் பட்டை ஒன்று மட்டும். மிச்சம் 50 புள்ளி, தமிழில் இரண்டு வரி. இந்த இரண்டு வரியை நான் மதிக்கிறேன். பட்டியல் தட்டச்சு செய்கிறவருக்கு அது கண்ணுக்கு ஆறுதல்.

ஆனால் பாத்தி பிரித்தால்? 1366இல் பாதி 683. விண்ணப்பப் பக்கங்கள் பல இன்னும் 1024 புள்ளி அகலத்தை மனத்தில் வைத்துத்தான் கட்டப்பட்டிருக்கின்றன. 683க்குள் 1024ஐத் திணித்தால் 341 புள்ளி வலப்பக்கம் மறைந்துபோகும். மறைவது பெரும்பாலும் ‘அடுத்து’, ‘சேமி’ பொத்தான்கள் இருக்கும் பக்கம். ஐ3 வைத்த லேப்டாப்பின் முன்னால் ஒரு பிள்ளை உட்கார்ந்து, பக்கம் முழுவதையும் நிரப்பிவிட்டு, சமர்ப்பிக்கும் பொத்தானைக் காணாமல் இரண்டு முறை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். மூன்றாம் முறை என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாள்: “அண்ணா, இதுல மூடுற பொத்தானும் இல்ல, அடுத்த பக்கம் போற பொத்தானும் இல்ல. எங்கண்ணா இருக்கு?”

மூடும் பொத்தான் இல்லைதான். மாட் விசை (ஆல்ட் அல்லது விண்டோஸ் விசை), ஷிஃப்ட், க்யூ மூன்றையும் சேர்த்து அழுத்தவேண்டும். அதை அவள் எப்படி அறிவாள்?

பாத்தியின் பயன் பொய் என்று சொல்லவில்லை. சான்றிதழைப் பார்த்துப் படிவம் நிரப்புகிற வேலைக்கு இரண்டும் பக்கம் பக்கமாக இருப்பதுபோல் வசதி வேறில்லை. ஒரு விண்ணப்பத்தில் 24 கட்டம், கட்டத்துக்குச் சான்றிதழுக்குப் போய்த் திரும்ப 2 தாவல் என்று வைத்தால் 48. நாளுக்கு 40 விண்ணப்பம்: 1,920 தாவல். தாவலுக்கு 2 நொடி: 3,840 நொடி, 64 நிமிடம். பக்கம் பக்கமாக வைத்தால் அந்த 64 நிமிடமும் மிச்சம். ஆனால் அதற்கு டைலிங் மேனேஜர் வேண்டியதில்லை. எக்ஸ்எஃப்சிஇயில் சாளரத்தைத் திரையின் ஓரத்துக்கு இழுத்தால் பாதியில் ஒட்டிக்கொள்ளும். க்னோமில் சூப்பர் விசையும் அம்புக்குறியும் போதும். பிளாஸ்மாவில் 2023 பிப்ரவரியில் வந்த 5.27 பதிப்பிலிருந்து திரையை நம் விருப்பப்படி கட்டம் போட்டுக்கொள்ளலாம். நாங்கள் செய்தது வேறு: ஒரு டெஸ்க்டாப்புக்கு 1920 × 1080 திரை வாங்கினோம், பழையதுதான். 20,73,600 புள்ளி, முன்னதைப்போல் இரண்டு மடங்குக்கு மயிரிழை குறைவு. பாதி போட்டால் 960 புள்ளி; படிவத்தின் பக்கத்தை இன்னும் கொஞ்சம் அகலமாக்கியதும் படிவமும் சான்றிதழும் நெருக்காமல் உட்கார்ந்தன.

பாத்தி போடும் திரை புதிய கண்டுபிடிப்பு என்றும் சிலர் நினைக்கிறார்கள். 1981இல் வந்த ஜெராக்ஸ் ஸ்டாரில் சாளரங்கள் பக்கம் பக்கமாகத்தான் நின்றன. 1985இல் வெளியான விண்டோஸ் 1.0உம் அப்படியே, ஒன்றன்மேல் ஒன்று ஏறுவது 1987இன் விண்டோஸ் 2.0இல் வந்தது. லினக்ஸ் பக்கம் கேடிஇ 1996, க்னோம் 1997, டிடபிள்யூஎம் 2006, எக்ஸ்மோனட் 2007, ஐ3 2009. டிடபிள்யூஎம்மை 2,000 வரி நிரலுக்குள் வைத்திருப்பது என்பது அதை எழுதியவர்களின் விரதம்.

இனி விசைகள். ஐ3ஐ முதல்முறை திறந்தவுடன் அது எழுதித் தரும் அமைவுக் கோப்பு சுமார் 200 வரி. அதில் உள்ள விசைக் கூட்டுகளை உட்கார்ந்து எண்ணினேன். ஒலி விசைகளையும், சாளர அளவை மாற்றும் நிலைக்குள் வருபவற்றையும் விட்டால் 52. அவற்றில் 20, பத்துப் பணியிடங்களுக்குப் போகவும் சாளரத்தை அங்கே அனுப்பவும். 16, நாலு திசையில் பார்வையை நகர்த்தவும் சாளரத்தை நகர்த்தவும். எஞ்சிய 16இல் அன்றாடம் தேவைப்படுவது ஏழெட்டு. ஒருவர் தன் கணினியில் தினமும் உட்கார்ந்தால் ஒரு வாரத்தில் கையில் ஏறிவிடும், சத்தியமாக. வாரத்துக்கு ஒரு நாள் வந்து அரைமணி உட்கார்கிறவருக்கு ஏறாது.

மூட்டையாக வராததால் நாமே ஒட்டவேண்டியவையும் இருக்கின்றன: பென்டிரைவ் தானாகத் திறப்பது, வெளிச்சம் கூட்டும் விசை, அறிவிப்புப் பெட்டி, பேட்டரி எச்சரிக்கை, ஸ்கிரீன்ஷாட், நிர்வாகக் கடவுச்சொல் கேட்கும் பெட்டி. இந்த ஆறுக்கும் எனக்கு இரண்டு மாலை, மொத்தம் 7 மணி நேரம் ஆனது. பிரவுசிங் சென்டரில் பென்டிரைவ் திறக்கவில்லை என்றால் கடையே திறக்கவில்லை என்று அர்த்தம்.

தமிழுக்கு ஆன செலவை எந்த ஒப்பீட்டிலும் யாரும் எழுதுவதில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

டெபியனைக் குறைந்தபட்சமாகப் போட்டு அதன்மேல் ஐ3ஐ வைத்தால் தமிழ் எழுத்துகள் கட்டம் கட்டமாகத் தெரியும். லோகித் அல்லது நோட்டோ எழுத்துருவை நாமே இறக்கவேண்டும். அதற்குப் பிறகு தட்டச்சு. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டின் வழியாக வந்த தமிழ்99 விசை அமைப்பு, ஐபஸ் அல்லது எஃப்சிட்டிஎக்ஸ் என்ற உள்ளீட்டு மென்பொருள் மூலம் கிடைக்கும். க்னோமில் ஐபஸ் உள்ளேயே பொருந்தியிருக்கிறது. அமைப்புகளில் தமிழைச் சேர்த்தால் மேல்பட்டையில் தமிழ் அடையாளம் வந்து நிற்கும். ஐ3இல் ஐபஸைத் தொடக்கத்தில் ஓடவிடும் வரியை எழுதி, எந்தெந்த வகை மென்பொருள் எந்த உள்ளீட்டு முறையைக் கேட்கவேண்டும் என்பதற்கு இன்னும் 3 வரி எழுதவேண்டும். மொத்தம் நாலே வரிதான், ஆனால் ஒன்று தவறினாலும் ஃபயர்ஃபாக்ஸில் தமிழ் வரும், லிப்ரே ஆபீஸில் வராது.

விசை அமைப்பை மாற்றி மாற்றி வேலை செய்கிறவர்கள் அமைவுக் கோப்பில் எழுத்துப் பெயரை விட்டுவிட்டு விசை எண்ணை எழுதுங்கள் என்று ஐ3இன் கையேடே அறிவுறுத்துகிறது. ‘டி’ என்பதற்கு 40, என்டர் விசைக்கு 36 என்று. தமிழும் ஆங்கிலமும் மாறி மாறி அடிப்பதுதான் நம் அன்றாடம். ஆக, ஐபஸை விட்டு விசை அமைப்பையே மாற்றித் தமிழ் அடித்தால், கோப்பில் எழுத்து வரும் வரிகளையெல்லாம் எண்ணாக்கும் வேலை ஒன்று கூடுகிறது.

சென்டரில் எல்லோரும் கோப்புக்குத் தமிழில்தான் பெயர் வைப்பார்கள். ‘கொம்யூன் ரசீது’ என்று ஒரு கோப்பு. கொம்யூன் என்பது எங்கள் ஊர்ச் சொல். பாகூர், வில்லியனூர், அரியாங்குப்பம், மண்ணாடிப்பட்டு, நெட்டப்பாக்கம் என்று புதுச்சேரிப் பகுதியில் ஐந்து கொம்யூன் பஞ்சாயத்து. கோப்பைச் சட்டென்று தேடித் திறக்க டிமெனு என்ற சின்னக் கருவியில் ஒரு பட்டியல் கட்டினேன். திரையின் உச்சியில் பட்டியல் வந்தது. ‘கொம்யூன்’ இருக்கவேண்டிய இடத்தில் ‘க’ மட்டும் முதலில் நின்றது. கொம்பும் காலும் அதற்குப் பின்னால், தாயைத் தொலைத்த குழந்தைபோல் தனியே. காரணம் எளிது. யூனிகோடில் ஒகர உயிர்மெய்யின் குறி ‘க’வுக்கு அடுத்து வரும் ஒரே குறியெண். அதைப் பிரித்து, கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் வைக்க எழுத்தைக் கோக்கும் நூலகம் ஒன்று வேண்டும். டிமெனு, டிடபிள்யூஎம் இரண்டும் இலகுவாக இருக்கவேண்டும் என்பதற்காக அதைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஐ3இன் பட்டை பேங்கோ நூலகத்தைப் பயன்படுத்துவதால் அங்கே ‘கொம்யூன்’ சரியாக நின்றது. ஆனால் வரும்போதே எழுத்தளவு 8 என்று வரும். அந்த அளவில் ‘ண’வுக்கும் ‘ன’வுக்கும் கண்ணாடி போட்டவருக்கே வித்தியாசம் தெரியாது. முனையத்தில் தமிழ் படிப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எக்ஸ்டெர்ம், அலக்ரிட்டி போன்றவற்றிலும் இதே உதிரி எழுத்துதான்.

இலகு என்று நாம் கொண்டாடுவதில் ஒரு பங்கு, நம் எழுத்தைக் கோக்காமல் விட்டதால் வந்த இலகு. எனக்கு இது வலித்தது. க்னோமும் கேடிஇயும் கொழுத்துப் போயின என்று திட்டுகிறோம். அந்தக் கொழுப்புக்குள்தான் தமிழ் மெனுவும், தமிழ் எழுத்தைக் கோக்கும் நூலகமும், கண் தெரியாதவருக்குத் திரையைப் படித்துச் சொல்லும் வசதியும் இருக்கின்றன. சென்னை சி-டாக் 2007இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸ் க்னோமை எடுத்து இந்திய மொழிகளில் தந்தது என்றால், மொழிபெயர்க்க அதில் மெனு என்று ஒன்று இருந்தது. ஐ3இல் மெனுவே கிடையாது. தமிழாக்க அங்கே என்ன இருக்கிறது?

நோட்டின் கடைசிப் பக்கத்துக்கு முன் பக்கம், ஆட்கள். சென்டரில் வந்துபோகும் வாடிக்கையாளரைச் சேர்க்காமல், நிரந்தரமாகக் கணினியில் கை வைப்பவர்கள் 14 பேர். உரிமையாளரும் அவர் மனைவியும், வேலைக்கு இருக்கும் மூன்று பெண்கள், மாலையில் சுய உதவிக் குழுக் கணக்கு எழுத வரும் ஒன்பது அக்காமார்கள். எக்ஸ்எஃப்சிஇயை ஒருவருக்குக் காட்டிக்கொடுக்க 20 நிமிடம் ஆனது. ஐ3ஐ இரண்டு பேருக்குச் சொல்லிக்கொடுத்துப் பார்த்ததில் ஆளுக்கு 3 மணி நேரம், அதுவும் தடவித் தடவி. 14 பேருக்கு: எக்ஸ்எஃப்சிஇ 4 மணி 40 நிமிடம், ஐ3 42 மணி. வித்தியாசம் 37 மணி 20 நிமிடம். 8 மணி நேர வேலைநாளாக மாற்றினால் நாலே முக்கால் நாளுக்குச் சற்றுக் குறைவு. 2025-26க்குப் புதுச்சேரியில் நூறு நாள் வேலையின் கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். பெருக்கினால் 1,568 ரூபாய்.

ஐ3 எக்ஸ்எஃப்சிஇயைவிட அதிகம் தருவது 250 எம்.பி. அதை வாங்க அந்த 14 பேரின் நேரத்திலிருந்து 1,568 ரூபாய். கடையில் 4,096 எம்.பி 600 ரூபாய். இந்த இரண்டு எண்ணையும் அடுத்தடுத்து எழுதிய பிறகு எனக்கு வேறு கேள்வி இல்லை. எம்.பியைக் கணினிக்குக் கணினி எண்ணிப் பழகிவிட்டோம். நேரத்தை ஆளுக்கு ஆள் எண்ணுவதில்லை.

இப்படி எண்ணியவர்கள் இதே வில்லியனூரில் முன்பே இருந்தார்கள். 1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாக வைத்துத் தகவல் கிராமத் திட்டத்தைத் தொடங்கியது. கனடாவின் ஐடிஆர்சி நிதி கொடுத்தது. தொலைபேசி சரியில்லாத காலம். மையத்துக்கும் ஊர்களுக்கும் நடுவே விஎச்எஃப் ரேடியோவில் தரவும் குரலும் போயின. மின்வெட்டுக்குச் சூரியப் பலகை. வீராம்பட்டினத்து மீனவருக்கு அலை உயரம், ஏம்பலம், கீழூர் விவசாயிக்கு விலை நிலவரம். மையங்களை நடத்தியவர்களில் பெரும்பாலோர் அந்தந்த ஊர்ப் பெண்கள்; தகவல் எல்லாம் தமிழில். கணினித் திரையில் வந்ததைக் காகிதத்தில் எழுதிப் பலகையில் ஒட்டினார்கள், ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமி காலையில் நல்லவாட்டில் கடல் ஏறுகிறது என்ற செய்தி சிங்கப்பூரிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பாக வந்தபோது, அங்கிருந்த தகவல் மையத்தின் ஒலிபெருக்கிதான் ஊரை எழுப்பிக் கிளப்பியது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழும் ஊர். ஒலிபெருக்கியைக் கேட்க ஒருவர் கற்கவேண்டிய விசைக் கூட்டு பூஜ்யம்.

இதனால் டைலிங் கிராமத்துக்கு ஆகாது என்று எழுதினால் அதுவும் தப்பான கணக்கு. பாகூர்ப் பக்கம் குருவிநத்தத்தில் பாலிடெக்னிக் படிக்கும் பையன் ஒருவன் என்னிடம் நிரல் கற்றுக்கொள்கிறான். அவனிடம் இருப்பது, கடலூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்த அத்தை வீட்டு அக்காவுக்குத் தமிழக அரசின் திட்டத்தில் கிடைத்து, அவளிடமிருந்து இவனுக்கு வந்த மடிக்கணினி. 2011 செப்டம்பரில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் 2 ஜி.பி நினைவகம், 320 ஜி.பி வன்தட்டு, விண்டோஸும் பாஸ் லினக்ஸும் இரட்டையாக. எல்லைக்கு அந்தப் பக்கம் கொடுத்தது இந்தப் பக்கம் உழைக்கிறது. இங்கே வரப்புக்கு வரப்பு மாநிலம் மாறும், உறவு மாறாது.

இந்தக் கணினிக்கு ஆள் ஒருவன்தான். எழுதும் நிரல் ஒரு பாத்தி, ஓடவிடும் முனையம் ஒரு பாத்தி, கீழே குறிப்பு. நிரல் வரிகள் 80 எழுத்துக்குள் நிற்பதால் 683 புள்ளி அவனுக்குப் போதும். 600 ரூபாய்க்குப் பட்டி வாங்கச் சொல்லலாம். அவன் அம்மா களை எடுக்கப் போகும் கூலியில் அது இரண்டு நாள், அதை நான் சொல்லமாட்டேன். அவனுக்கு ஐ3 கற்க, ஒட்ட, எல்லாம் சேர்த்து 20 மணி நேரம் ஆனது. நாளுக்குப் பத்து நிமிடம் மிச்சமானால்கூட 120 நாளில் அந்தக் கடன் தீரும். படிப்பு மூன்று வருடம்.

பராமரிப்பிலும் அவனுக்கு லாபம்தான். அவன் அமைவுக் கோப்பின் தொடக்கத்தில் ‘வி4’ என்று இருக்கும். ஐ3இன் நான்காம் பதிப்பு வந்தது 2011இல். அன்று எழுதிய கோப்பு இன்றும் பெரும்பாலும் அப்படியே ஓடும். அதே 2011 ஏப்ரலில் வந்த க்னோம் 3, 2021இல் 40 ஆகி, 2025 செப்டம்பரில் 49 ஆனது. ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு, ஒவ்வொன்றிலும் ஏதாவது ஒரு நீட்சி வேலை செய்யாமல் போகும். திரையை வரையும் அடித்தளமான எக்ஸ்11 ஓய்ந்து அதன் இடத்துக்கு வேலேண்ட் முழுமையாக வந்தாலும், 2019இல் 1.0 ஆன ஸ்வே கிட்டத்தட்ட இதே கோப்பைப் படிக்கும். சில கிலோபைட் கோப்பு ஒன்றைப் பென்டிரைவில் வைத்துக்கொண்டு அவன் எந்தக் கணினிக்கும் குடிபோகலாம். ‘கொம்யூன்’ சிதறுவதற்கும் வழி கண்டான்: டிமெனுவுக்குப் பதில் ரோஃபி. அது பேங்கோவில் எழுதுவதால் கொம்பும் காலும் இடத்துக்கு வந்துவிட்டன. அதை அவனே தேடிக் கண்டுபிடித்தான். எனக்குச் சொல்லிக்கொடுத்தவன் அவன்.

சென்டரின் இப்போதைய கணக்கு: நான்கு டெஸ்க்டாப்பிலும் லினக்ஸ் மின்ட், எக்ஸ்எஃப்சிஇ. லேப்டாப் ஒன்றில் நான் வாங்கிய 4 ஜி.பி பட்டி, அதிலும் எக்ஸ்எஃப்சிஇ. எழுத்தளவு 13, தமிழ்99 அடையாளம் கீழ்ப்பட்டையில். இரண்டாம் லேப்டாப்பின் நினைவகம் மின்சுற்றுத் தகடோடு பற்றவைக்கப்பட்டிருக்கிறது, மாற்ற முடியாது. அதை ஸ்கேனர் பக்கத்தில் வைத்து, 1,850 எம்.பியோடு, ஐ3 போட்டிருக்கிறேன். அதில் வேலை செய்பவர் ஒருவர்தான், மூன்று பெண்களில் இளையவர். ஸ்கேன் செய்தது இடப்பாத்தியில், அளவைக் குறைக்கும் கருவி வலப்பாத்தியில். அவருக்குத் தேவையான விசைகள் 6. அவற்றை ஒரு அட்டையில் தமிழில் எழுதி, லேமினேட் செய்து, திரைக்குக் கீழே ஒட்டியிருக்கிறார். அடுத்த சென்டாக் சீசனுக்குள் ஏழாவது ஒன்று வேண்டும் என்கிறார்: ஒரே விசையில் புகைப்படத்தைக் கேட்கிற கே.பி அளவுக்குச் சுருக்க. எழுதிக்கொண்டிருக்கிறேன்.